‘எனக்கு இருக்கிறது’ என்பதை ஸ்பானிய மொழியில் எப்படிச் சொல்வது? தெனேர் வினைச்சொல்லுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஸ்பானிய வகுப்பில் நான் முதன்முதலாக அசடு வழிந்தது வயதைச் சொல்லப் போய்தான். வட்டமாக உட்கார்ந்திருந்த எங்களிடம் ஆசிரியை ஒவ்வொருவராக வயது கேட்டுக்கொண்டு வந்தார். என் முறை வருவதற்குள் ஆங்கில வாக்கியத்தை மனத்துக்குள் அமைத்து, அதைச் சொல்லுக்குச் சொல் மாற்றித் தயாராக வைத்திருந்தேன். ‘ஸோய் த்ரெய்ன்தா’ என்றேன். நானே முப்பது என்னும் எண் என்று சொன்னது போல. அவர் பலகைக்குத் திரும்பி ‘தெங்கோ த்ரெய்ன்தா ஆஞோஸ்’ என்று எழுதினார். ‘என்னிடம் முப்பது ஆண்டுகள் இருக்கின்றன.’

வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது. ‘எனக்கு முப்பது வயது’ என்று தமிழிலிருந்து கிளம்பியிருந்தால் பாதி வழி தானாகவே கடந்திருக்கும். ஸ்பானியத்தை ஆங்கிலத்தின் வழியாகப் படிக்கும் தமிழர்கள் பலரும் இந்தச் சுற்றுவழியில்தான் மாட்டிக்கொள்கிறோம். தெனேர் என்ற வினைச்சொல்லைப் பொறுத்தவரை நம் ‘எனக்கு’தான் நல்ல வாசல். சில இடங்களில் அந்த வாசல் ஏமாற்றும், அவற்றையும் பார்ப்போம்.

ஒலி பற்றி ஒரு குறிப்பு

இங்கே ஸ்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். தெனேரின் முதல் எழுத்து ‘தண்ணீர்’ என்பதில் வரும் த. ஆங்கிலத்துக்குப் பழகிய நாக்கு அதை ‘ட’ ஆக்கப் பார்க்கும், விடாதீர்கள். ஆண்டைக் குறிக்கும் ‘ஆஞோ’வில் இருப்பது நம் ‘ஞ’வேதான். அந்த ஞ நழுவி ‘ஆனோ’ என்று ஆகிவிட்டால் பொருள் ஆசனவாய். வயதைச் சொல்லும்போது கவனம் தேவை. மற்றபடி தமிழ் எழுத்து இங்கே ஒரு கைத்தடி மட்டுமே. சொற்களை ஒருமுறை காதால் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: ‘இருக்கிறது’ என்பதை மூன்றாக உடையுங்கள்

தமிழில் ‘இரு’ என்ற ஒரே வினை செய்யும் வேலையை ஸ்பானியத்தில் மூன்று வினைகள் பங்கிட்டுக்கொள்கின்றன.

‘மேசையில் ஒரு புத்தகம் இருக்கிறது’ என்றால் ‘அய் உன் லீப்ரோ என் லா மேஸா’. புதிதாக ஒன்று இருப்பதை அறிவிக்கிறோம்.

‘புத்தகம் மேசையில் இருக்கிறது’ என்றால் ‘எல் லீப்ரோ எஸ்தா என் லா மேஸா’. தெரிந்த பொருள் எங்கே இருக்கிறது என்று சொல்கிறோம்.

‘என்னிடம் புத்தகம் இருக்கிறது’ என்றால் ‘தெங்கோ உன் லீப்ரோ’. இதுதான் தெனேர்.

இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி நான்கு நாள் கண்ணில் படும் இடத்தில் ஒட்டி வையுங்கள். தெனேர் வருவதற்கு அடையாளம், தமிழ் வாக்கியத்தில் ‘எனக்கு’ அல்லது ‘என்னிடம்’ நிற்பது. பொருள், உறவு, வயது மூன்றும் இதில் அடங்கும்.

இனி நாம் வழக்கமாகச் சறுக்கும் இடம். ‘எனக்கு இரண்டு தங்கைகள் இருக்கிறார்கள்’ என்ற வாக்கியத்தில் வினை தங்கைகளோடு ஒத்துப்போகிறது. ஸ்பானியத்தில் உடையவர்தான் எழுவாய். வினை அவரோடு மட்டுமே பேசும். ‘தெங்கோ தோஸ் எர்மானஸ்.’ தங்கைகள் இரண்டானாலும் இருபதானாலும் ‘தெங்கோ’ மாறாது. ‘எனக்கு’ என்பதை ‘நான்’ ஆக்கி, ‘நான் உடையேன்’ என்று மனத்துக்குள் ஒருமுறை சொல்லிவிட்டு வாயைத் திறந்தால் தவறு வராது. (தங்கை, அக்கா இருவருக்கும் சொல் ஒன்றுதான், எர்மானா. வேறுபடுத்த வேண்டுமானால் ‘மெனோர்’, ‘மயோர்’ என்று சேர்க்க வேண்டும். அக்காவுக்கென்று தனிச் சொல் இல்லாத மொழியில் இத்தனை கோடிப் பேர் எப்படிக் காலம் தள்ளுகிறார்கள் என்று எனக்கு இன்னும் வியப்புதான்.)

தெனேர் என்பது ‘பிடித்துக்கொள்’ என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. பழைய ஸ்பானியத்தில் உடைமையைச் சொல்ல ‘அபேர்’ என்ற வேறொரு வினை வழங்கியது. காலப்போக்கில் தெனேர் அந்த நாற்காலியைப் பிடித்துக்கொள்ள, அபேர் துணைவினையாக ஒதுங்கியது. ‘என் கைவசம் இருக்கிறது’ என்று நாம் சொல்வதிலும் அதே கைப்பிடிதான் இருக்கிறது.

இரண்டாம் படி: நிகழ்காலம்

| யார் | வடிவம் |
|---|---|
| நான் | தெங்கோ |
| நீ | தியேனெஸ் |
| அவன், அவள், அது. மரியாதையாக நீங்கள் | தியேனெ |
| நாம், நாங்கள் | தெனேமோஸ் |
| நீங்கள் பலர் (ஸ்பெயினில் நெருங்கியவர்களிடம்) | தெனேயிஸ் |
| அவர்கள், நீங்கள் பலர் | தியேனென் |

இதைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்க வேண்டாம். ஒழுங்கற்ற வினை என்று பெயர் வாங்கியிருந்தாலும் இதற்குள் ஓர் ஒழுங்கு ஓடுகிறது.

‘தியே’ என்று விரிவது எங்கே என்று பாருங்கள். குரலின் அழுத்தம் வேரில் விழும் இடத்தில் மட்டுமே விரிகிறது. அழுத்தம் விகுதிக்கு நகர்ந்துவிட்டால், அதாவது தெனேமோஸ், தெனேயிஸ் ஆகியவற்றில், வேர் சுருங்கியே இருக்கிறது. அர்ஜென்டினாவிலும் உருகுவேயிலும் ‘நீ’ என்பதற்கு ‘வோஸ்’ என்பார்கள்; அதற்கான வடிவம் ‘தெனேஸ்’. அங்கும் அழுத்தம் கடைசியில் விழுவதால் ‘தியே’ இல்லை. விதி ஒன்றுதான், அர்ஜென்டினாக்காரர்கள் அதை மீறவில்லை.

இந்த விதிக்குள் அடங்காத ஒரே வடிவம் தெங்கோ. அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் ‘க’ வேறு சில வினைகளிலும் ‘நான்’ வரும்போது தலைகாட்டும். வெங்கோ என்றால் வருகிறேன், ஸால்கோ என்றால் வெளியே போகிறேன், போங்கோ என்றால் வைக்கிறேன். (யாழ்ப்பாணத்து வாசகர்கள் கடைசிச் சொல்லைக் கேட்டு எழுந்து போய்விட வேண்டாம்.) தெங்கு என்றால் தென்னை என்று அறிந்தவர்களுக்குத் தெங்கோ மறக்கவே மறக்காது.

மரியாதையைப் பற்றி ஒரு சொல். ஒருவரை ‘உஸ்தேத்’ என்று மரியாதையாக அழைக்கும்போது வினை ‘அவர்’ என்பதற்குரிய வடிவத்தையே எடுக்கும்: ‘தியேனெ’. எதிரில் நிற்பவரிடமே ‘அவருக்கு இருக்கிறதா’ என்று கேட்பது போலத் தோன்றும். இரண்டு வாரத்தில் பழகிவிடும். ‘நான்’, ‘நீ’ போன்ற எழுவாய்களை நாம் விட்டுவிடுவது போலவே அவர்களும் விட்டுவிடுகிறார்கள். ‘யோ தெங்கோ’ என்று ஒவ்வொரு முறையும் சொன்னால், ‘நான்தான் வைத்திருக்கிறேன், வேறு யாருமில்லை’ என்று மார்தட்டுவது போல ஒலிக்கும்.

கடையில் இந்த வடிவங்களை ஒரே மூச்சில் கேட்கலாம். உள்ளே போய் ‘தியேனென் லேச்செ?’ என்று கேளுங்கள். பால் இருக்கிறதா என்று. கடைக்காரர் ஒருவரே நின்றாலும் கடையை மனத்தில் வைத்துப் பன்மையில் கேட்பது வழக்கம். இல்லையென்றால் ‘நோ தெனேமோஸ்’ என்பார். இருந்தால் எடுத்து நீட்டியபடி ‘அகீ தியேனெ’ என்பார். ‘இந்தாருங்கள்’ என்று நாம் சொல்லும் இடம் அது.

மூன்றாம் படி: பசி, தாகம், குளிர், பயம்

தமிழர்களுக்கு இது லட்டு மாதிரியான பகுதி. ‘எனக்குப் பசி’ என்பதில் பசி பெயர்ச்சொல். ஸ்பானியத்திலும் அது பெயர்ச்சொல்லே: ‘தெங்கோ ஆம்ப்ரெ.’ ‘எனக்குத் தாகம்’ என்றால் ‘தெங்கோ ஸெத்.’ ஆங்கிலம் இவற்றையெல்லாம் பெயரடை ஆக்கி, ‘நான் பசித்தவனாக இருக்கிறேன்’ என்ற பாணியில் சொல்கிறது. அதனால்தான் ஆங்கிலம் வழியாகப் படித்தவர்கள் ‘எஸ்தோய் ஆம்ப்ரெ’ என்று உளறுகிறார்கள். அந்த ஆங்கில வாக்கியத்தை மனத்தைவிட்டுத் துரத்துங்கள்.

அன்றாடம் தேவைப்படுபவை இவை: குளிர் ‘ஃப்ரீயோ’, வெக்கை ‘கலோர்’, தூக்கம் ‘ஸுவேஞோ’, பயம் ‘மியேதோ’, அவசரம் ‘ப்ரீஸா’, அதிர்ஷ்டம் ‘ஸுவேர்தெ’, காய்ச்சல் ‘ஃபியேப்ரெ’. எல்லாவற்றுக்கும் முன்னால் தெங்கோ. ‘தெங்கோ ரஸோன்’ என்றால் ‘நான் சொல்வதுதான் சரி’; நியாயம் என் பக்கம் இருக்கிறது என்ற பொருள்.

‘ரொம்பப் பசி’ என்பதில் ஒரு கண்ணி உண்டு. நமக்கு ‘ரொம்ப’ எல்லா இடத்துக்கும் பொருந்தும். ஸ்பானியத்தில் பெயரடைக்கு முன்னால் ‘முய்’, பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ‘முச்சோ’ அல்லது ‘முச்சா’. பசி பெயர்ச்சொல், அதுவும் பெண்பால். ஆகவே ‘தெங்கோ முச்சா ஆம்ப்ரெ’. குளிரும் பயமும் ஆண்பால்: முச்சோ ஃப்ரீயோ, முச்சோ மியேதோ. ‘முய் ஆம்ப்ரெ’ என்று சொன்னாலும் புரிந்துகொள்வார்கள். முகத்தில் ஒரு புன்னகை தெரியும்.

வெக்கையைப் பற்றிப் பேசும்போது யாருக்கு என்று பாருங்கள். எனக்கு வெக்கை என்றால் ‘தெங்கோ கலோர்’. ஊரே வெக்கை என்றால் வினை மாறி ‘ஆஸெ கலோர்’. காபி சூடாக இருக்கிறது என்றால் ‘எஸ்தா காலியேன்தெ’. இந்தக் கடைசிச் சொல்லை மனிதர்மேல் ஏற்றி ‘எஸ்தோய் காலியேன்தெ’ என்று சொல்லிவிடாதீர்கள். அது காம வேட்கையைக் குறிக்கும்.

களைப்பு, மகிழ்ச்சி, கவலை மூன்றும் இந்தப் பட்டியலில் இல்லை. அவற்றுக்கு ‘எஸ்தோய்’ என்று தொடங்கிப் பெயரடை போட வேண்டும்: களைப்பாக இருக்கிறது என்பது ‘எஸ்தோய் கன்ஸாதோ’, பெண் சொன்னால் ‘கன்ஸாதா’. ‘எனக்குக் களைப்பு’, ‘எனக்குப் பயம்’ இரண்டும் தமிழில் ஒரே அச்சில் வார்த்தவை. ஸ்பானியத்தில் இரண்டும் பிரிந்துவிடுகின்றன. இங்கே தமிழ் உதவாது. மேலே கொடுத்த பட்டியலை மனப்பாடம் செய்வதுதான் வழி.

நான்காம் படி: ‘எனக்கு’ ஏமாற்றும் இடங்கள்

‘எனக்கு’ என்றதும் தெனேரைத் தேடி ஓடக் கூடாது. ‘எனக்குப் பிடிக்கும்’ என்பதற்கு ஸ்பானியமும் ‘எனக்கு’ என்றே தொடங்குகிறது: ‘மெ கூஸ்தா’. பிடிக்கும் பொருள்தான் எழுவாய். தமிழ் அமைப்பு அப்படியே இருக்கிறது. ‘எனக்குத் தலை வலிக்கிறது’ என்பதும் அப்படித்தான்: ‘மெ துவேலெ லா கபேஸா’. ஆனால் வலிப்பதை வினையாக்காமல் ‘எனக்குத் தலைவலி’ என்று சொல்லிப் பாருங்கள், உடனே ‘தெங்கோ தொலோர் தெ கபேஸா’ ஆகிவிடும். தமிழ் வினையிலிருந்து பெயருக்குத் தாவினால் ஸ்பானியமும் கூடவே தாவுகிறது. இதை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் பார்க்கவில்லை. ஒருநாள் உண்மையிலேயே தலைவலியோடு உட்கார்ந்திருந்தபோது பிடிபட்டது.

‘எனக்குத் தெரியும்’, ‘எனக்குப் புரிகிறது’, ‘எனக்கு வேண்டும்’ மூன்றும் வேறு சாதி. அவற்றில் ‘நான்’ எழுவாயாகி, தனித்தனி வினைகள் வரும்: ஸே, என்தியேந்தோ, கியேரோ.

ஐந்தாம் படி: ‘வேண்டியிருக்கிறது’

‘தெங்கோ கெ’ என்று சொல்லி, பின்னால் வினையின் மூல வடிவத்தை வைத்தால் ‘செய்ய வேண்டியிருக்கிறது’ என்று பொருள். ‘தெங்கோ கெ ஈர்’ என்றால் எனக்குப் போக வேண்டியிருக்கிறது. தமிழிலும் ‘வேண்டி’யோடு ‘இரு’ ஒட்டி நிற்பதைக் கவனியுங்கள். இந்த ஒற்றுமை தற்செயல்தான். நினைவில் வைக்க உதவுகிறதே, அது போதும். நடுவில் வரும் ‘கெ’யை விழுங்கிவிடாதீர்கள், தொடக்கத்தில் இருப்பவர்கள் எல்லோரும் விழுங்குகிறார்கள்.

எதிர்மறையில் பொருள் எந்தப் பக்கம் சாயும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். ‘நோ தெங்கோ கெ ஈர்’ என்றால் நான் போக வேண்டியதில்லை, போனாலும் தடையில்லை. போகக் கூடாது என்று சொல்ல ‘நோ தேபோ ஈர்’ என்ற வேறு வினை இருக்கிறது.

ஆறாம் படி: இரண்டு இறந்தகாலங்கள்

முதலாவது நீண்டு கிடக்கும் நிலையைச் சொல்வது: தெனீயா, தெனீயாஸ், தெனீயா, தெனீயாமோஸ், தெனீயாயிஸ், தெனீயான். முழுக்க ஒழுங்கானது.

இரண்டாவது நடந்து முடிந்த நிகழ்வைச் சொல்வது. வேரே மாறிவிடும்: தூவெ, துவீஸ்தெ, தூவோ, துவீமோஸ், துவீஸ்தெயிஸ், துவியேரோன். தூவெ, தூவோ இரண்டிலும் அழுத்தம் வேரில். ஒழுங்கான வினைகளில் அது விகுதியில் விழும். ஸ்பானியர்களின் வாயில் ‘வி’, ‘பி’ எழுத்துகள் இரண்டும் ஒரே ஒலிதான். ஆகவே ‘தூவோ’வும் குழாயைக் குறிக்கும் சொல்லும் காதுக்கு ஒன்றே, எழுத்தில்தான் வேறுபாடு.

எதை எப்போது சொல்வது? ஒரு சோடியைப் பாருங்கள். ‘தெனீயா உன் இஹோ’ என்றால் அவளுக்கு ஒரு மகன் இருந்தான். ‘தூவோ உன் இஹோ’ என்றால் அவளுக்கு ஒரு மகன் பிறந்தான். முன்னது நிலை, பின்னது நிகழ்வு.

‘கெ’ சேரும்போது இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. ‘தெனீயா கெ ஈர்’ என்றால் போக வேண்டியிருந்தது. போனேனா இல்லையா என்பது கேள்வியாகவே நிற்கிறது. ‘தூவெ கெ ஈர்’ என்றால் போக வேண்டியதாயிற்று. போய்விட்டேன் என்பது அதிலேயே அடக்கம். ‘வேண்டியிருந்தது’, ‘வேண்டியதாயிற்று’ என்று தமிழே இதைப் பிரித்து வைத்திருக்கிறது. பக்கம் பக்கமாக விளக்கும் இலக்கண நூல்களைவிட இந்த இரண்டு சொற்களே எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தன.

ஏழாம் படி: எதிர்காலம், நன்றியோடு

தெந்த்ரே, தெந்த்ராஸ், தெந்த்ரா, தெந்த்ரேமோஸ், தெந்த்ரேயிஸ், தெந்த்ரான். ‘தெனேர்’ என்ற மூலத்தோடு விகுதி சேர்ந்தபோது நடுவிலிருந்த உயிர் உதிர்ந்தது. ‘ன்’ உம் ‘ர்’ உம் முட்டிக்கொண்டன. அந்த இடத்தைக் கடக்க நாக்குக்கு ஒரு படிக்கல் தேவைப்பட்டது. ‘த்’ வந்து உட்கார்ந்தது.

இதை யாரும் நமக்கு விளக்க வேண்டியதில்லை. ‘நன்றி’ என்று உரக்கச் சொல்லிப் பாருங்கள். எழுதுவது ன், றி. வாயில் நடுவே ஒரு மெல்லிய அடைப்பு ஒலி கேட்கும். கன்று, தென்றல், என்றான் எல்லாவற்றிலும் அதே கதை. தெந்த்ராவைத் ‘தென்றா’ என்று படித்தாலே ஏறக்குறைய சரியாக இருக்கும். ‘தென்றல்’ என்று நினைத்துக்கொண்டால் எதிர்காலம் கைக்கு வந்துவிடும். வருதல், வைத்தல் ஆகிய வினைகளும் எதிர்காலத்தில் வெந்த்ரே, போந்த்ரே என்று இதே வழியில் போகின்றன. ‘இருந்திருக்கும்’ என்ற நிபந்தனைத் தொனிக்கு இதே வேரில் ‘ஈயா’ சேர்த்தால் தெந்த்ரீயா.

எட்டாம் படி: வாழ்த்தும் கட்டளையும்

வாழ்த்து, விருப்பம், இன்னும் நடக்காத ஒன்று ஆகியவற்றுக்கு ‘தெங்கா’ குடும்பம். ‘கெ தெங்கஸ் ஸுவேர்தெ’ என்றால் உனக்கு அதிர்ஷ்டம் கைகூடட்டும். ‘நேரம் கிடைக்கும்போது’ என்றால் ‘குவாந்தோ தெங்கா தியேம்போ’. ஆனால் ‘நேரம் இருந்தால்’ என்று ‘ஸி’ போட்டுச் சொன்னால் பழைய ‘தெங்கோ’வே வரும்: ‘ஸி தெங்கோ தியேம்போ’. இருந்தால், ஆனால் இல்லையே என்ற ஏக்கமானால் ‘ஸி துவியேரா’.

கட்டளை வடிவம் குட்டையானது: ‘தென்’. ‘தென் குயிதாதோ’ என்றால் ஜாக்கிரதை.

இவ்வளவும் கைவந்துவிட்டால் ஒரு கூட்டத்தையே சேர்த்துக் கற்றதாகக் கணக்கு. ஒப்தெனேர் (பெறு), மன்தெனேர் (பேணு), தெதெனேர் (தடுத்து நிறுத்து), கொன்தெனேர் (உள்ளடக்கு) ஆகிய எல்லாம் தெனேரின் வால் பிடித்தே நடக்கின்றன: ஒப்தெங்கோ, மன்தூவெ, தெதெந்த்ரே.

ஐயம் வந்தால் 1713இல் நிறுவப்பட்ட ஸ்பானிய அரச அகாதமியின் இணைய அகராதியைப் பாருங்கள். வினையைத் தேடினால் அதன் வடிவங்கள் அனைத்தும் அட்டவணையாகக் கிடைக்கும், கட்டணமில்லை.

பயிற்சி

விடையைக் கையால் மூடிக்கொண்டு, தமிழைப் படித்தவுடன் உரக்கச் சொல்லுங்கள். எழுதிப் பார்ப்பது பிறகு.

1. எனக்கு ஒரு தம்பி இருக்கிறான். — தெங்கோ உன் எர்மானோ மெனோர்.
2. உங்களிடம் சில்லறை இருக்கிறதா? — தியேனெ காம்பியோ?
3. அவளுக்கு ரொம்பப் பசி. — தியேனெ முச்சா ஆம்ப்ரெ.
4. தெருவில் ஒரு நாய் இருக்கிறது. — அய் உன் பெர்ரோ என் லா காயெ.
5. எனக்கு இந்த வீடு பிடிக்கும். — மெ கூஸ்தா எஸ்தா காஸா.
6. நேரம் கிடைக்கும்போது உன்னைக் கூப்பிடுகிறேன். — குவாந்தோ தெங்கா தியேம்போ, தெ யாமோ.
7. நேற்று எனக்கு நடந்தே வர வேண்டியதாயிற்று. — அயேர் தூவெ கெ வெனீர் அந்தாந்தோ.

நான்கிலும் ஐந்திலும் தெனேர் வரவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஏழாவதில் யாராவது ‘தெனீயா கெ வெனீர்’ என்று சொல்லியிருந்தால் இலக்கணப்படி தவறில்லை. ஆனால் கேட்பவர் ‘சரி, நடந்து வந்தீர்களா, இல்லையா?’ என்ற முகத்தோடு மீதிக் கதைக்குக் காத்துக்கொண்டு நிற்பார்.